ஹரம் ஷரீஃப் நிற்கும் ஓடை



ஸஃயில் பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் ஏன் விரைந்து ஓடுகிறார்கள் என்று உம்ரா முடித்து வந்தவர்களிடம் கேட்டால், "அன்னை ஹாஜர் ஓடினார்கள், அதனால்" என்பார்கள். சரி. அங்கு மட்டும் ஏன் ஓடினார்கள்? அது ஓடையின் பள்ளம். குன்றின் மேல் நின்றால் தெரிந்த பிள்ளை, பள்ளத்தில் இறங்கியதும் தாயின் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று உலமாக்கள் விளக்குவார்கள். இன்று பளிங்குத் தரை சமமாகிவிட்டது. பள்ளம் இருந்ததற்கு அந்த விளக்குகளே அடையாளம்.

அந்த ஓடையின் பெயர் வாதி இப்ராஹீம். வடகிழக்கே ஹிரா மலைப் பக்கமிருந்து இறங்கி, கஅபாவைத் தொட்டு, தென்மேற்கே செல்கிறது. ஊர்ப் பெயர்களே திசை சொல்லும்: அன்னை கதீஜா (ரலி) அடங்கியிருக்கும் முஅல்லா என்றால் மேட்டுப்பகுதி, ஹரமுக்குத் தெற்கே உள்ள மிஸ்ஃபலா என்றால் தாழ்ந்த பகுதி. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும். ஆனால் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். மழை பெய்தால் பாறை குடிக்காது, அத்தனையும் பள்ளத்துக்கே வரும்.

ஹிஜ்ரி 17-இல் வந்த வெள்ளம் மகாமு இப்ராஹீமையே அடித்துச் சென்றது. உமர் (ரலி) மதீனாவிலிருந்து விரைந்து வந்து, அதன் இடத்தை விசாரித்து உறுதிசெய்து மீண்டும் வைத்தார்கள். மேட்டுப்பகுதியில் பெருங்கற்களால் தடுப்பும் கட்டினார்கள். ஹிஜ்ரி 1039-இல் வந்த வெள்ளத்தில் கஅபாவின் சுவர்களே இடிந்தன. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது. 1941-இல் மதாஃபில் சிலர் நீந்தியே தவாஃப் செய்தனர். அந்தப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

வெள்ளமாக வந்து பயமுறுத்தும் இதே நீர்தான் மணலுக்குள் இறங்கி ஸம்ஸமையும் ஊட்டுகிறது. கிணற்றின் ஆழம் சுமார் 30 மீட்டர். மேல் பாதி ஓடை கொண்டுவந்த மணலும் சரளையும், கீழ்ப்பாதி பாறை. மழை, மணல் என்று பேசினால் ஸம்ஸமின் மகிமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிர் விளையாத பள்ளத்தாக்கில் குடும்பத்தை விட்டுவந்ததாக இப்ராஹீம் (அலை) தம் துஆவிலேயே சொல்கிறார்களே. அங்கே நீரைச் சேர்த்து வைத்தவனும் அல்லாஹ்தானே!

மேட்டுப்பகுதி முழுவதும் இன்று வீடுகளும் சாலைகளும் வந்துவிட்டன. வடிகால்கள் வெள்ளத்தைக் கடத்திவிடுகின்றன. ஆனால் சிமெண்ட் மூடிய இடத்தில் மழை மண்ணுக்குள் இறங்காது. எனவே நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்கவும், எவ்வளவு இறைக்கலாம் என்று கணக்கிடவும் சவூதி புவியியல் ஆய்வுத் துறையில் ஸம்ஸமுக்கென்றே தனி ஆய்வு மையம் வைத்திருக்கிறார்கள்.