கடைசியில் தரும் பணம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதத்தின் ஒரு வரி மனதிலேயே நிற்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் திருப்பூர் பனியனையும் நம் மில் நூலையும் வாங்காமல் விட்டால் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது நின்றுவிடும், அதற்காகத்தான் உலகம் முழுக்கக் கையெழுத்துத் திரட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். நிற்காது, கண்ணு. படித்த பிள்ளைகள்கூட இப்படி நம்புவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

1989 ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையெல்லாம் நீ பாடத்திலேயே படித்தாயிற்று. பங்களாதேஷில் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. 1992-ல் டாம் ஹார்கின் என்ற அமெரிக்க செனட்டர், பிள்ளைகள் செய்த சரக்கை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கே பயந்து டாக்கா ஆயத்த ஆடை முதலாளிகள் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். சுமார் 50,000 பேர் என்பது அப்போதைய மதிப்பீடு. அவர்கள் பள்ளிக்குப் போனார்களா? பலர் கல் உடைக்கப் போனார்கள், தெருவில் விற்கப் போனார்கள், சில பெண்பிள்ளைகள் அதைவிடக் கொடிய இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1995 ஜூலையில்தான் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டன. பள்ளி ஏற்பாடாகாமல் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக்கூடாது, படிக்க வரும் பிள்ளைக்கு மாத உதவித்தொகை என்று அதில் எழுதினார்கள். அந்த வரியை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆதரவு தருகிறேன் என்று கிளம்புகிறவர்கள், பிள்ளை நாளைக்கு எங்கே போகும் என்று யோசித்துவிட்டுக் கிளம்பட்டும்.

இனி நம் ஊர். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கத்துப் பதின்வயதுப் பெண்பிள்ளைகளைப் புரோக்கர்கள் கூட்டிவருவார்கள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், மூன்று வருடம் ‘அப்ரண்டிஸ்’ வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாக. நடுவில் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய்விட்டால் அந்த மொத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை. 2011-லும் 2014-லும் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளுக்குப் பிறகே உலகம் இதைக் கவனித்தது. அதற்கு முன்பே, 2008-ல், தமிழக அரசு மில் அப்ரண்டிஸ்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. ஆலைகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன.

பல வருடங்களாக நான் சொல்லிவரும் ஒன்றை உனக்கும் சொல்கிறேன். 1929-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த விட்லி கமிஷனின் தொழிலாளர் அறிக்கை 1931-ல் வந்தது. பழைய நூலகங்களில் இருக்கும், தேடிப்பிடித்துப் படி. நான் திரும்பத் திரும்பப் படித்த புத்தகம். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை அது விவரிக்கிறது. அதன் பயனாக 1933-ல் ஒரு சட்டம் வந்தது: 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. நியாயமான கூலிக்குச் செய்யும் வேலையாக இருந்து, ஒரு வார அறிவிப்பில் விலகவும் முடிந்தால், அது மட்டும் அடகாகாது என்றும் சொன்னது. முன்பணம் பிள்ளையைக் கட்டிப்போடும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டார்கள். பின்பணமும் கட்டிப்போடும் என்பதை நாம் இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. மூன்று வருடக் கூலியின் ஒரு பகுதியை முதலாளி பிடித்து வைத்திருந்தால் கதவைப் பூட்ட வேண்டியதில்லை, அந்தப் பிள்ளை தானாகவே உள்ளே இருக்கும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் ஆசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். அதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்.

ஆகவே ஒரு மில்லைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘எத்தனை வயது?’ என்பதோடு நிறுத்தாதே. சம்பளம் மாதாமாதம் அந்தப் பிள்ளையின் பெயரில் இருக்கும் கணக்கில் ஏறுகிறதா, பாஸ்புக் யார் கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடிகிறதா என்று கேள். ஹாஸ்டல் பதிவு செய்யப்பட்டதா என்றும் கேள். 2014-லிருந்து அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மீட்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். அதை உடனே அழித்துவிடு. அவர்களை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊரில்தான் வாழ வேண்டும்.

உன் கையெழுத்து இயக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை ஊருக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். கிராம சபை மே 1-லும் அக்டோபர் 2-லும் கட்டாயம் கூடும். ஊராட்சித் தலைவரின் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது கடைசியாக எப்போது கூடியது என்று பொதுவில் கேள். எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்றுபோனவர்களின் கணக்கைத் தலைமையாசிரியரிடம் வாங்கி, பெயரைச் சபையில் படிக்காமல், எண்ணிக்கையை மட்டும் தீர்மானத்தில் ஏற்றச் சொல். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழை. திருப்பூரில் பீகார், ஒடிசா பிள்ளைகள் தமிழ் தெரியாததால் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்களா என்பதையும் விசாரி. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 2009 கல்வி உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் இந்தி தெரிந்த பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வாத்தியார்