ஆங்கில மரபுத்தொடர்: கைகழுவுதல்

“ஐ வொஷ் மை ஹான்ட்ஸ் ஒஃப் இட்” என்று ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. ‘இனி இதற்கு நான் பொறுப்பல்ல’ என்பதே இதன் கருத்து. விவிலியத்திலிருந்து வந்த தொடர் இது. மத்தேயு 27:24இல் பிலாத்து மக்கள் முன் தண்ணீரெடுத்துக் கைகளைக் கழுவி, இப்பழியில் தனக்குப் பங்கில்லை என்கிறான்.

“மகனைக் கைகழுவிவிட்டார்” என்று தமிழிலும் சொல்கிறோம். தமிழில் ‘ஐ’ உருபு நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஒஃப்’ வரவேண்டும். அதை விட்டுவிட்டால், சாப்பாட்டுக்குக் கைகழுவுவதாகவே பொருள்படும். மாணவர்கள் இதைக் கவனிக்க.

கைகழுவிய பின்னரே பிலாத்து இயேசுவைச் சிலுவையில் அறையும்படி கையளித்தான் (27:26). கழுவியதால் அவன் பொறுப்பு நீங்கவில்லை. பெற்றோரே, பிள்ளையைக் குறித்து இத்தொடரைச் சொல்லுமுன் இதனையும் நினைவிற்கொள்ளுங்கள்.