தரவுத்தளம்: பேராதனைப் பூங்காவின் மரங்களும் நான்கு அட்டவணைகளும்

மாணவர்களே! தரவுத்தளம் என்னும் அலகில் வரைவிலக்கணங்களை மனனம் செய்வது கடினமன்று. புலம், பதிவு, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி ஆகிய நான்கு சொற்களையும் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, "இதற்குப் பொருத்தமான அட்டவணைகளை அமைக்க" என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்பதே பலருக்கும் தெரிவதில்லை. எனவே இப்பாடத்தில் வரைவிலக்கணத்திலிருந்து தொடங்காது, நீங்கள் பார்த்த ஓரிடத்திலிருந்து தொடங்குவோம்.

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதியில் சில கிலோமீற்றர் சென்றால், மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் பேராதனை அரச தாவரவியற் பூங்கா உள்ளது. 147 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் அமைக்கப்பட்டது. 1824 இல் அவர் இலங்கையில் வளரும் தாவரங்களின் பட்டியல் ஒன்றை நூலாக வெளியிட்டார். கணினி இல்லாத காலத்துத் தரவுத்தளம் என்றே அதனைக் கொள்ளலாம். இங்கு வந்த தலைவர்கள் நட்ட ஞாபகார்த்த மரங்களும் பல உள்ளன. பிற்காலத்தில் 7 ஆம் எட்வேர்ட் மன்னரானவர் 1875 இல் அரச மரம் ஒன்றை நட்டார். பிற்காலத்தில் 5 ஆம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியுமானவர்கள் 1901 இல் நாகலிங்க மரம் ஒன்றை நட்டனர்.

இம்மரங்களின் விபரங்களைப் பதியும்படி உங்களிடம் கூறினால், அநேகமாக விரிதாளில் இவ்வாறே தொடங்குவீர்கள்:

மரம் | விஞ்ஞானப் பெயர் | தாயகம் | ஆண்டு | நட்டவர்
அரசு | பைக்கஸ் ரிலிஜியோசா | தெற்காசியா | 1875 | வேல்ஸ் இளவரசர்
நாகலிங்கம் | கூரோபிட்டா கயனென்சிஸ் | தென் அமெரிக்கா | 1901 | யோர்க் கோமகன், யோர்க் கோமகள்
சல் | கூரோபிட்டா கயனென்சிஸ் | தென் அமெரிக்கா | – | –

(மூன்றாம் வரிசை பயிற்சிக்காக நாம் சேர்த்தது. அட்டவணைகளும் நமது பயிற்சிக்குரியனவே. பூங்காவின் பதிவேடு அல்ல.)

பார்வைக்கு அழகாகவே உள்ளது. எனினும் இதில் எத்தனை குறைகள் உள்ளன என நோக்குவோம்.

நாகலிங்கமும் சல்லும் ஒரே இனம். தமிழில் நாகலிங்கம் என்பதைச் சிங்களத்தில் சல் என்கின்றனர். "நாகலிங்கம்" எனத் தேடுபவருக்கு இரண்டாம் வரிசை மட்டுமே கிடைக்கும், மூன்றாவது மறைந்துவிடும். அவ்வினத்தின் தாயகம் இரு தடவை எழுதப்பட்டுள்ளது. ஐம்பது மரங்கள் இருப்பின் ஐம்பது தடவை எழுத வேண்டும். அவற்றுள் ஒன்றில் "தென்னாபிரிக்கா" எனத் தவறுதலாக எழுதப்பட்டால் எது சரி என்பதைக் கணினியால் கூற இயலாது. இதுவே தரவு இரட்டிப்பினால் ஏற்படும் தீங்கு. இடம் வீணாகிறது என்பதைக் காட்டிலும், ஒரே விடயத்துக்கு இரண்டு விடைகள் தோன்றுகின்றன என்பதே பெரிய குறைபாடு. விடை எழுதும்போது பலர் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றனர்.

இன்னும் உண்டு. 1901 ஆம் ஆண்டு வரிசையில் ஒரே கலத்தில் இருவரின் பெயர்கள் உள்ளன. ஒரு கலத்தில் ஒரு பெறுமானமே இருத்தல் வேண்டும். மேலும், அரச மரம் புயலில் சாய்ந்து அதன் வரிசையை நீக்கினால், அவ்வினத்தின் விஞ்ஞானப் பெயரும் தாயகமும் சேர்ந்தே அழிந்துவிடும். மரம் போனால் மரத்தின் பதிவு போகலாம். இனத்தின் பதிவு ஏன் போக வேண்டும்?

இக்கேள்விக்கான விடையிலேயே தரவு மாதிரியாக்கலின் திறவு இருக்கிறது. மேலுள்ள அட்டவணை "மரம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்களை அடைத்து வைத்துள்ளது. ஒன்று, மண்ணில் நிற்கும் ஒரு தனி மரம். அதற்கு நட்ட ஆண்டு உண்டு, இடம் உண்டு. மற்றையது, அம்மரம் சார்ந்த இனம். அதற்கு விஞ்ஞானப் பெயர் உண்டு, தாயகம் உண்டு. நட்ட ஆண்டு இல்லை. இவ்வாறு தனித்து இனங்காணக்கூடிய பொருள் உள்பொருள் எனப்படும். அதன் விபரங்கள் பண்புகள் எனப்படும். உள்பொருள்களையும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளையும் வரைபடமாகக் காட்டும் முறையைப் பீற்றர் சென் 1976 இல் முன்வைத்தார். அதற்கு முன்னர், 1970 இல், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் தொடர்புநிலை மாதிரியை வெளியிட்டிருந்தார். நீங்கள் அக்சஸ் மென்பொருளில் அமைக்கும் அட்டவணைகள் அவரது எண்ணத்தின் வழிவந்தவையே.

சம்பவக் கூற்றை வாசிக்கும்போது ஒவ்வொரு விபரத்தையும் எடுத்து, "இது எதைப் பற்றிய விபரம்?" எனக் கேளுங்கள். தாயகம் எதைப் பற்றியது? இனத்தை. 1901 எதைப் பற்றியது? ஒரு தனி மரத்தை. விடை மாறும் ஒவ்வோரிடத்திலும் புதிய அட்டவணை தேவை.

அடுத்து முதன்மைச் சாவி. ஒரு பதிவை மற்றையவற்றிலிருந்து தனித்துவமாக இனங்காட்டும் புலம் (அல்லது புலங்களின் சேர்க்கை) முதன்மைச் சாவியாகும். அது வெறுமையாக இருத்தலாகாது, மீண்டும் வருதலுமாகாது. இனத்துக்கு எப்புலத்தைச் சாவியாக்கலாம்? உள்ளூர்ப் பெயர் பொருந்தாது. இலங்கையில் சல் என்பது நாகலிங்கம். இந்தியாவிலோ சால் என்பது சோரியா ரொபஸ்டா என்னும் முற்றிலும் வேறான மரம். புத்தரின் பிறப்புடன் தொடர்புபடுத்தப்படுவது அதுவே. ஒரே ஒலி, இரண்டு இனங்கள். அப்படியாயின் விஞ்ஞானப் பெயர்? அது தனித்துவமானதே. ஆனால் தாவரவியலாளர் சில வேளைகளில் அதனையும் மாற்றுகின்றனர். வீதியோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் சமானியா சமன் என்றும் அல்பிசியா சமன் என்றும் நூல்களில் காணப்படுகிறது. ஆகவே பொருளற்ற ஓர் இலக்கத்தை நாமே வழங்குவது நன்று. பொருள் இல்லாததால் அதை மாற்ற வேண்டிய காரணமும் எழாது.

இது மரங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "மிகப் பொருத்தமான முதன்மைச் சாவி எது?" எனக் கேட்டால் பலரும் இதையே கூறுவர். பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டப்படும்). ஆண்டுக்கு இரு இலக்கங்களே இருந்தமையால் 1901 ஐயும் 2001 ஐயும் வேறுபடுத்த வழியில்லை. 2016 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் 12 இலக்கங்கள் கொண்ட புதிய முறைக்கு மாறியது. பத்து எழுத்துகளுக்கே புலத்தை அமைத்திருந்த தரவுத்தளத்தில் புதிய இலக்கம் அடங்காது. ஒருவரே ஓரிடத்தில் பழைய வடிவிலும் வேறோரிடத்தில் புதிய வடிவிலும் பதியப்பட்டால், கணினிக்கு அவர் இருவராகிவிடுவார். கொடுப்பனவுப் பட்டியலிலோ வைத்தியசாலைப் பதிவிலோ இது நேர்ந்தால் பாதிக்கப்படுவது உண்மையான ஒரு மனிதர். உங்கள் பாடசாலைச் சேர்விலக்கம் நல்ல சாவி. பரீட்சைச் சுட்டெண் அவ்வாறன்று. அடுத்த பரீட்சைக்கு வேறு சுட்டெண் வரும்.

இப்போது அட்டவணைகளை அமைப்போம்.

இனம் (இன_இல, விஞ்ஞானப்_பெயர், தாயகம்)
மரம் (மர_இல, இன_இல, நட்ட_ஆண்டு)
நபர் (நபர்_இல, பெயர்)
நடுகை (மர_இல, நபர்_இல)

முதல் மூன்று அட்டவணைகளிலும் முதலாவது புலமே முதன்மைச் சாவி. ஓர் இனத்தில் பல மரங்கள் இருக்கலாம். ஒரு மரம் ஓர் இனத்தையே சாரும். இது ஒன்றுக்குப் பல தொடர்பு. இங்கு "பல" பக்கத்து அட்டவணையாகிய மரத்தில் இன_இல அந்நியச் சாவியாக இடம்பெறும். மறுபக்கத்தில் இடமுடியாது, இனம் அட்டவணையில் மர_இல இட்டால் ஒரே கலத்தில் ஐம்பது இலக்கங்களை எழுத நேரிடும்.

நபருக்கும் மரத்துக்கும் இடையிலானது பலவற்றுக்குப் பல தொடர்பு. ஒரு மரத்தை இருவர் நடலாம். ஒருவர் பல மரங்களை நடலாம். இத்தொடர்பை நேரடியாக இரு அட்டவணைகளில் அமைக்க முடியாது. ஆதலால் நடுகை என்னும் மூன்றாவது அட்டவணை இடையில் வருகிறது. அதில் இரு புலங்களும் சேர்ந்தே முதன்மைச் சாவியாகும். தனித்தனியே ஒவ்வொன்றும் அந்நியச் சாவியாகும். நாகலிங்க மரம் இங்கு இரண்டு வரிசைகளைப் பெறும்.

ஜோர்ஜ் 1910 இலேயே மன்னரானார். அவரது பெயரை நபர் அட்டவணையில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எத்தனை மரங்களை நட்டிருப்பினும் கவலையில்லை. ஆனால் "நட்டபோது அவர் வகித்த பட்டம்" தேவையெனில் அதை எங்கே வைப்பது? அது நபரை மட்டும் பற்றியதன்று, மரத்தை மட்டும் பற்றியதுமன்று. நடுகை அட்டவணையிலேயே சேரும். உள்ளூர்ப் பெயர்களுக்கும் பெயர் (இன_இல, மொழி, உள்ளூர்ப்_பெயர்) என ஓர் அட்டவணை வேண்டும். அதில் மூன்று புலங்களும் சேர்ந்தே சாவியாகும். ஒரே மொழியில் ஓர் இனத்துக்கு இரு பெயர்கள் இருக்கலாம் என்பதால் இரண்டு புலங்கள் போதா.

அமைத்தது சரியா என அறிய ஒரு வினவலைக் கையால் செய்து பாருங்கள்: 1901 இல் நாகலிங்கத்தை நட்டவர்கள் யாவர்? பெயர் அட்டவணையில் இன_இல கிடைக்கும். அதைக் கொண்டு மரம் அட்டவணையில் ஆண்டு 1901 ஆகவுள்ள மர_இல ஐப் பெறலாம். நடுகையில் அதற்குரிய இரு நபர்_இல கள். நபர் அட்டவணையில் இரு பெயர்கள். "சல்" எனத் தேடினாலும் அதே விடையே வரும்.

பயிற்சி: கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹற்றன் ஆகிய நிலையங்களில் நிற்கும் புகையிரதங்களின் விபரங்களைப் பதிய வேண்டும். ஒரு புகையிரதம் பல நிலையங்களில் நிற்கும். ஒரு நிலையத்தில் பல புகையிரதங்கள் நிற்கும். புகையிரதத்தின் பெயர், நிலையத்தின் பெயர், வந்துசேரும் நேரம் ஆகியன தேவை. அட்டவணைகளை அமைத்து முதன்மைச் சாவிகளையும் அந்நியச் சாவிகளையும் குறிப்பிடுக.

குறிப்பு: வந்துசேரும் நேரத்தைப் புகையிரதம் அட்டவணையில் இடுவோர் பலர். ஒரே புகையிரதம் கம்பளைக்கு வரும் நேரமும் ஹற்றனுக்கு வரும் நேரமும் வேறு என்பதை நினைத்துப் பார்த்தபின் விடை எழுதுக.