சேறு சாயமாகும் விதம்

துணியில் பட்ட சேறு அலசினால் போய்விடும். ஆனால், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பாமானா இனப் பெண்கள் பூசும் சேற்றை அலசினால், கறுப்பு நிறம் துணியிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் துணியின் பெயர் போகோலான்ஃபினி. அவர்கள் மொழியில் ‘போகோ’ என்றால் சேறு, ‘ஃபினி’ என்றால் துணி.

மரபுப்படி, ஆண்கள் பருத்தி நூலைக் குறுகிய பட்டைகளாக நெய்வார்கள். அவற்றை இணைத்துத் தைத்த துணிக்குச் சாயமேற்றுவது பெண்களின் வேலை.

முதலில் ‘ங்கல்லாமா’ என்னும் மரத்தின் இலைச் சாற்றில் துணியை நனைத்து வெயிலில் உலர்த்துவார்கள். துணி மஞ்சளாகும். இந்த மரம் நம் கடுக்காய் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடுக்காய் துவர்க்கக் காரணமான டானின் இந்த இலையிலும் நிறைய உண்டு. அது இழைகளில் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தது சேறு. மாலியில் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. அதன் சிவப்பே துருப்போன்ற இரும்புச் சேர்மம்தான். பிறகு ஏன் குளத்தின் அடியிலிருந்து சேறு எடுத்து, அதையும் பானையில் மாதக்கணக்கில், சிலர் ஓராண்டு வரைகூட, ஊறவைக்கிறார்கள்?

காரணம் இதுதான். செம்மண்ணில் உள்ள இரும்பு 3+ அயனி நிலையில் இருக்கிறது. அது நீரில் எளிதில் கரையாது, எனவே இழைக்குள் புகாது. காற்றுப் படாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து, கரையக்கூடிய 2+ அயனியாக மாற்றுகின்றன. இதைத்தான் ஒடுக்கம் என்று படிக்கிறீர்கள். பானைக்குள்ளும் இதே வேலை நடக்கிறது.

இந்தச் சேற்றைப் பூசியதும், கரைந்த இரும்பு டானினைச் சந்திக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும், நீரில் கரையாத கறுப்பு இரும்பு டானேட் இழையிலேயே உருவாகிவிடுகிறது. கலம்காரித் துணியிலும் கடுக்காயும், வெல்லநீரில் ஊறிய இரும்பும் சேர்ந்துதான் கறுப்புக் கோடாகின்றன.

இன்னொரு வியப்பு: இவர்கள் சேற்றால் வரைவது உருவத்தை அல்ல, பின்னணியை! சேறு படாமல் எஞ்சும் மஞ்சள் கோடுகளே வடிவம். கடைசியில் அவற்றின் மேல் காரக் கலவை தடவி வெளுக்க வைப்பார்கள். வேட்டைக்காரர்களும் பிள்ளை பெற்ற தாய்மாரும் இத்துணியைக் காப்பாக அணிந்தனர். ஒவ்வொரு வடிவத்தின் பெயரும் பொருளும் தாயிடமிருந்து மகளுக்குப் போயின.

மாலியின் ஆடை வடிவமைப்பாளர் கிரிஸ் செய்டூ இத்துணியை நவீன உடைகளுக்குக் கொண்டுவந்தார். இன்று ஆலைகள் இதே வடிவங்களைச் செயற்கைச் சாயத்தில் அச்சிடுகின்றன. பார்க்க அப்படியேதான் இருக்கும்; ஆனால் பானையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, மகளுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள். கொஞ்சம் வினிகரில் இரண்டு இரும்பு ஆணிகளை இரண்டு நாள் போட்டு வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வாயு வெளியேற வேண்டும். அந்த நீரில் சில சொட்டுகளைச் சீனி போடாத கெட்டித் தேநீரில் விடுங்கள். தேநீரிலும் டானின் உண்டு. நிறம் மாறுவதைக் கவனியுங்கள். பிறகு ஆணி நீருக்குப் பதில் வெறும் செம்மண் போட்டு ஒப்பிடுங்கள். எதையும் குடித்துவிடாதீர்கள், பள்ளிச் சீருடையோடு செய்யவும் வேண்டாம்.