கொழுந்தும் யந்திரமும்

கூலி கூடினால் முதலாளி யந்திரத்தை வாங்கிவிடுவார், ஆகவே சம்பள உயர்வு தொழிலாளிக்கே கேடு என்று சிலர் வாதிப்பர். இது பாதி உண்மை. தேயிலைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

2021 மார்ச்சில் நம் நாட்டில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. பல தோட்டங்களில் அதோடு பறிக்கவேண்டிய கிலோவும் கூட்டப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான். யந்திரம் வராமலே உயர்வு கரைந்தது!

கென்யாவிலோ யந்திரமே வந்தது. 2023 மே மாதம் கெரிச்சோவில் கொழுந்து பறிக்கும் யந்திரங்களுக்குத் தொழிலாளர் தீ வைத்தனர். கைப்பறிப்பை நம்பியிருந்தோருள் பெண்கள் ஏராளம்.

யந்திரம் மனிதனுக்குத் துணை, ஆனால் வேலையைப் பறிக்கையில் பகையாகவும் கூடும் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் தொழில் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். பகையாவதும் துணையாவதும் இரும்பின் குணத்தாலல்ல, உடன்படிக்கையில் எழுதப்படுவதாலேயே. சம்பளத்தோடு கிலோ அளவும் அதில் எழுதப்படவேண்டும். யந்திரத்தை இயக்கும் பயிற்சி முதலில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டும். முற்றிய இலையையும் சேர்த்து வெட்டும் யந்திரத்துக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளும் விரல் ஈடாகாது என்பதில்லை. நல்ல தேயிலைக்கு அந்த விரலே மேல். அதற்குத் தனி விலை கேட்பதும் நியாயமே.

ஐம்பது வயதில் வேலையிழப்பவளுக்குப் போவது சம்பளம் மட்டுமல்ல. லயத்து அறையும் தோட்ட வேலையோடு பிணைந்ததாயிற்றே!