கிணறு தேறுகிறதா? கணக்கு வைத்துப் பார்ப்போம்



கொழுந்து நிறுக்கிற இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பை தராசில் ஏறியதும் நம்ம அக்காமார், தங்கச்சிமாரின் கண் முள்ளிலேதான் இருக்கும். "இன்னைக்கு நல்லா எடுத்திருக்கீங்க" என்று யாராவது சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பேச்சை வைத்துச் சம்பளம் போட மாட்டார்கள். எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிவு, துண்டில் என்ன எழுதியது என்பதுதான் கணக்கு. மாசக் கடைசியில் சந்தேகம் வந்தால், வீட்டுக் கொப்பியில் குறித்து வைத்தவர்தான் துணிந்து பேச முடியும்.

சுற்றாடல் விஷயமும் அப்படித்தான். "நீரைப் பாதுகாப்போம்", "சுத்தமான தண்ணீர் எல்லோருக்கும்" என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். இது இலக்கு. அந்த இலக்கை நோக்கிப் போகிறோமா, இல்லை பின்னாலே போகிறோமா என்று காட்டுகிற அளவுக்குக் 'குறிகாட்டி' என்று பெயர். இலக்கு என்பது போக வேண்டிய ஊர் என்றால், குறிகாட்டி என்பது வழியில் நிற்கிற கிலோமீற்றர் கல்.

இந்தப் பாடத்துக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது தூரந்தான். ஆனாலும் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கே போய்க் குடியேறிய சொந்தபந்தம் நம்மில் பலருக்கு உண்டு. அதோடு, தண்ணீர் கெட்டதும், அதை அளந்ததும், அளந்த கணக்கு உயர் நீதிமன்றம் வரை போனதும் அங்கேதான். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

குடாநாட்டில் தண்ணீர் எப்படி நிற்கிறது?

நம்ம பக்கம் மலையில் ஊற்று, பீலி, ஓடை என்று தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து ஓடும். குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறார்கள். வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு இறைப்பதும் அதே தண்ணீர்தான்.

அந்த நல்ல தண்ணீருக்கு அடியில் கடலின் உப்புத் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது. ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேலே 1 அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். எல்லா இடத்திலும் கணக்குப் பிசகாமல் இப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் ஏன் பயப்பட வேண்டும் என்பது இதில் விளங்கும்.

என்னென்ன அளக்கிறார்கள்?

முதலாவது, நீர்மட்டம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாலே போதும், அளந்துவிடலாம். வாயில் உப்புக் கரிக்குமுன்னே நீர்மட்டம் இறங்கிக் காட்டிவிடும். இது முன்கூட்டியே எச்சரிக்கும் குறிகாட்டி.

இரண்டாவது, உப்பு. தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று ஒரு சின்னக் கருவியால் பார்ப்பார்கள். உப்பு கூடினால் அந்த அளவும் கூடும். குளோரைட்டு ஒரு லீற்றரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கும்போது ருசி மாறத் தொடங்கும்.

மூன்றாவது, நைத்திரேற்று. இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியா போன்ற உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் மழையோடு கீழே இறங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் இது கூடிவிட்டது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஏன் இந்த எல்லை? புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்காக. இது கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உடம்பு நீலம் பாரிக்கலாம். 'கொதிக்க வச்சுத்தானே குடுக்கிறோம்' என்று நினைக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

நான்காவது, மலத்திலிருந்து வரும் கிருமி. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதுவார்கள். சில ரிப்போர்ட்டில் எல்லை 50 என்று இருக்கும், சிலதில் 11 என்று இருக்கும். நைத்திரேற்று முழுவதையும் நிறுத்தால் 50. அதிலுள்ள நைதரசனை மட்டும் எடுத்தால் 11. இரண்டும் ஒன்றுதான். இது தெரியாமல் ஒரு ரிப்போர்ட்டில் '20' என்று பார்த்துவிட்டு "50க்குக் கீழேதானே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அது நைதரசன் கணக்கில் எழுதியது என்றால் எல்லையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாண்டியாயிற்று. கிலோவா றாத்தலா என்று கேட்காமல் தராசில் ஏற்றுவோமா?

சராசரி மறைப்பது என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு மட்டும். ஒரு கிராமத்தில் ஐந்து கிணறு. நைத்திரேற்று 20, 25, 30, 35, 140. கூட்டினால் 250. ஐந்தால் வகுத்தால் 50. 'கிராமத்தின் சராசரி எல்லைக்குள் இருக்கிறது' என்று எழுதலாம், பொய் இல்லை. ஆனால் ஐந்தாவது கிணற்று வீட்டில் கைக்குழந்தை இருந்தால்?

பெரிய கணக்குகளிலும் இந்த ஓட்டை உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2015ல், 2030க்குள் அடைய வேண்டும் என்று 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை வைத்தது. ஆறாவது இலக்கு தண்ணீரும் சுகாதாரமும். இலங்கையும் இதற்காக 2017ல் 19ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த இலக்கின் கீழ் நிலத்தடி நீருக்கு ஒரு குறிகாட்டி இருக்கிறது. எடுத்த அளவுகளில் 100க்கு 80 சரியாக இருந்தால் அந்த நீர் 'நல்லது' என்று பதியலாம். நாட்டுக்கு நாடு ஒப்பிட இது உதவும். மீதி 20ஐக் குடிக்கிறவர்களுக்கு உதவாது.

இன்னொன்று. பாதுகாப்பான குடிநீர் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று உலகக் கணக்கு எடுக்கும்போது, கிருமியையும், இரசாயனங்களில் முக்கியமாக ஆர்செனிக்கையும் புளோரைட்டையும் பார்க்கிறார்கள். நைத்திரேற்று அந்த முக்கியப் பட்டியலில் இல்லை. ஆகவே யாழ்ப்பாணக் கிணறு ஒன்று உலகக் கணக்கில் 'பாஸ்' ஆகிவிட்டு, அந்த வீட்டுக் குழந்தைக்குக் கெடுதியாகவும் இருக்க முடியும். வெளியிலிருந்து வருகிற குறிகாட்டி மட்டும் போதாது. அந்தந்த ஊர் நோய்க்கு அந்தந்த ஊர் அளவும் வேண்டும்.

சுன்னாகத்தில் நடந்தது

சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடும் மின் நிலையம் இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மணக்கிறது, மேலே படலம் மிதக்கிறது என்று மக்கள் முறையிட்டார்கள். "எங்கட கிணத்துத் தண்ணியில எண்ணெய்" என்பது பேச்சாக இருந்த வரைக்கும் அதைத் தட்டிக் கழிக்க முடிந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ல் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் எல்லைக்கு மேலே இருந்தன. பேச்சு எண்ணிக்கையாக மாறியது.

ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு முடிவைச் சொன்னது. எதை நம்புவது என்று மக்கள் தவித்தார்கள். 2015ல் போராட்டம் நடந்தது. பிறகு, பொதுநலனில் அக்கறையுள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் நிலையத்தை நடத்திய கம்பனி நிலத்தடி நீரை மாசாக்கியது என்று கண்டு, 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 109 என்ற அந்த எண் இல்லாமல் வழக்கு இவ்வளவு தூரம் வந்திருப்பது கஷ்டம். இரண்டு, 'முன்னே எப்படி இருந்தது?' என்ற கேள்வி. எந்த ஆலையோ வேலையோ தொடங்குமுன்பே அதே கிணற்றை அளந்து எழுதியிருந்தால், யார் கெடுத்தது என்ற வாதம் சுருங்கிவிடும். இதைத் தொடக்க அளவு என்பார்கள். தொடக்க அளவு இல்லாமல் முன்னேற்றத்தையும் காட்ட முடியாது, கேட்டையும் காட்ட முடியாது.

குழாய் வந்தால் கிணறு தேறுமா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது, "எங்கட வயலுக்கே காணாது" என்று அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரக்கூடியது. நல்ல விஷயம்தான்.

ஆனால் 'இத்தனை வீட்டுக்குக் குழாய் கொடுத்தோம்' என்பது செய்த வேலையின் அளவு. கிணற்றுத் தண்ணீரின் அளவு வேறு. குழாய் வந்ததால் உரம் குறைந்துவிடாது, மலக்குழி தள்ளிப் போய்விடாது. முதல் எண் ஏறிக்கொண்டே போகும்போது இரண்டாவது எண் இறங்கிக்கொண்டும் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம்ம தோட்டங்களிலும் 'இத்தனை மலசலகூடம் கட்டினோம், இத்தனை தொட்டி கட்டினோம்' என்று வருஷக் கடைசியில் கணக்கு வரும். கட்டியது பெருமைதான். ஆனால் அந்த லயத்துப் பிள்ளைகளின் வயிற்றோட்டம் குறைந்ததா என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

நம்ம பீலிக்கு ஒரு கொப்பி

நம்மாலும் அளக்க முடியும். படித்த பிள்ளை ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார். ஒரு கொப்பி எடுத்து இப்படிச் செய்யலாம்:

1. ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில், ஒரே பீலியில், 10 லீற்றர் வாளி எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று குறியுங்கள். 20 செக்கன் என்றால் நிமிஷத்துக்கு 30 லீற்றர். அதுவே 40 செக்கனானால் 15 லீற்றர், பாதியாகிவிட்டது. மாசி, பங்குனிக் காய்ச்சலில் எடுத்த அளவை அடுத்த வருஷம் அதே மாதத்து அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மழைக் காலத்தோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

2. அன்று தண்ணீர் கலங்கலா தெளிவா, மேலே உரம் போட்ட நாளா, மருந்து அடித்த நாளா என்று எழுதுங்கள்.

3. அந்த மாதம் லயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

4. கிருமி, நைத்திரேற்று இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சோதனை கேளுங்கள். முடிவு வந்தால், எந்த இடத்தில், எந்தத் திகதியில், எந்த அலகில் என்று கேட்டுக் கொப்பியில் ஒட்டுங்கள்.

5. பிள்ளைக்காம்பராவுக்கும் புட்டிப்பால் கரைக்கும் வீடுகளுக்கும் வருகிற தண்ணீரைத் தனியாகக் காட்டுங்கள். சராசரிக்குள் அவர்களை ஒளிக்க வேண்டாம்.

ஆறு மாதம் போனால் அந்தக் கொப்பி பேசத் தொடங்கும். தொரையிடமோ பிரதேச சபையிடமோ போய் "தண்ணி சரியில்லைங்க" என்று சொல்வதற்கும், "மாசியில் 20 செக்கன், இப்போ 45 செக்கன், இந்த மாசம் ஏழு பிள்ளைக்கு வயித்தோட்டம்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவதுக்கு "பார்க்கலாம்" என்ற பதில் வரும். இரண்டாவதுக்கு அவர்களும் ஒரு எண்ணோடு வந்தாக வேண்டும்.

கூடிப் பேசிப் பார்க்க

நம்ம டிவிஷனில் தண்ணீருக்கு வைத்திருக்கும் இலக்கு என்ன? அதை அடைந்தோமா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அந்த அளவை எடுக்கிறவர் யார்? எந்த மாதத்தில், எந்த இடத்தில் எடுக்கிறார்?

சராசரியில் மறைந்துபோகிற லயம் எது?

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு வாளியும் மணிக்கூடும் கொண்டு போங்கள். முதல் அளவை அன்றைக்கே எடுத்துவிடலாம். அதுதான் உங்கள் தொடக்க அளவு.