நாரி நோவும் கால் நரம்பு வலியும்

தீவக மக்களின் வாழ்க்கை ஆதிதொட்டே நாரியை நம்பி நடந்த வாழ்க்கையாகும். பனையேறுதல், தோட்டம் கொத்துதல், வள்ளம் தள்ளுதல், நல்ல தண்ணீர்க் கிணறு தேடிச் சென்று அள்ளிச் சுமத்தல் என எமது முன்னோர் செய்த தொழில் எதுவும் முதுகை வளைக்காமல் நடந்ததில்லை. இன்று குடத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் கான் பிடித்துக்கொண்டது. 20 லீற்றர் கான் ஒன்றின் பாரம் 20 கிலோ. அதை ஒரு கையால் தூக்கி உடம்பைத் திருப்பும்போதுதான் பலருக்கு நாரி பிடிக்கிறது. "நாரி விட்டுப்போச்சு" என்ற பேச்சுக் கேளாத வீடு புங்குடுதீவில் அரிது.

அடியேன் வைத்தியனல்லன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கந்தோர்க் கதிரையிலிருந்து கோவைகளோடு காலங்கழித்த இலிகிதன். அந்தக் கதிரை தந்த நோவே இவ்விடயத்தைத் தேடி வாசிக்கத் தூண்டியது. வாசித்தவற்றுள் எம்மவருக்குப் பயன்படக் கூடியவற்றை இம்மலரில் தருகின்றேன்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நாரியோடு நின்றுவிடும் நோவு வேறு. இருக்கைப் பகுதியில் தொடங்கி, தொடையின் பின்புறத்தால் இறங்கி, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் அடித்தாற்போல் ஓடும் வலி வேறு. பின்னையதையே சயாட்டிக்கா என்கின்றனர். தும்மினாலும் இருமினாலும் இவ்வலி கூடும். பெரும்பாலும் ஒரு காலிலேயே வரும். இது மூட்டு வருத்தமன்று, நரம்பின் வருத்தம் என்பதை 1764ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வைத்தியர் கொட்டுஞ்ஞோ எழுதி வைத்தார். அதன் பின்னும் 170 வருடங்கள் சென்று, 1934இல் அமெரிக்காவில் மிக்ஸ்ரர், பார் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுப் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதே இதற்குக் காரணமாகலாம் எனக் காட்டினர். இந்நரம்பு எமது உடம்பிலேயே தடிப்பானது. நாரியின் கீழ்ப்பகுதியிலிருந்தும் அதற்குக் கீழுள்ள திருவெலும்பிலிருந்தும் வரும் ஐந்து வேர்கள் கூடி உண்டாவது. அதனாலேதான் பழுது நாரியிலிருக்க, நோவு பாதத்திலே தெரிகிறது. பாதத்தை எவ்வளவு உருவினாலும் பயனில்லை.

எமது பழைய வைத்தியமும் இதை அறியாததன்று. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களின் வழிவந்த சித்த மருத்துவர்கள் இதனை வாத ரோகங்களுள் அடக்குவர். ஆயுர்வேதத்தார் கிருத்ரசி என்பர். கழுகைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த பெயர் இது. காலை இழுத்து நடக்கும் நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்ததென விளக்குவர்.

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். நாரி பிடித்தவுடன் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை "அசையாமல் கிட" என்பதே. இது அன்பினால் சொல்லப்படுவது. ஆயினும் ஆராய்ச்சி இதை ஏற்கவில்லை. நெதர்லாந்தில் சயாட்டிக்கா உள்ள 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையிலும், மற்றவர்களை இயன்ற அளவு நடமாட்டத்திலும் இருக்கச் செய்தனர். 12 வாரம் முடிந்தபோது இரு பிரிவிலும் 87 வீதமானோர் தேறியிருந்தனர் (1999). படுத்துக் கிடந்தவர் கூடுதலாக அடைந்த நன்மை ஒன்றுமில்லை. தாங்கமுடியாத வலியில் ஓரிரு நாள் படுப்பதில் தவறில்லை. அதன்பின் வளவுக்குள்ளாவது சிறிது சிறிதாக நடக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை பற்றியும் அதே நாட்டில் 283 பேரை வைத்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். விரைவில் கத்தி வைத்தோருக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஒரு வருடம் சென்றபின் பார்த்தால், இரு பிரிவிலும் 95 வீதமானோர் சுகமடைந்திருந்தனர். பொறுத்திருந்தவர்களுள் 39 வீதமானோர் இடையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே சத்திரசிகிச்சை வீண் என்பதன்று; அவசரப்படத் தேவையில்லை என்பதே பொருள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் "தட்டுத் தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோவோர் பலர். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 50 வயதினருள் 80 வீதமானோருக்குத் தேய்வு காணப்பட்டது. நரை விழுவது போன்றதே இதுவும்.

நொச்சியிலை ஒத்தடம், இளஞ்சூட்டு எண்ணெய் என்பன தசையைத் தளர்த்தி ஆறுதல் தரும். செய்யலாம். ஆனால் நீரிழிவுள்ளோர் விறைத்த காலில் சூடு வைப்பது ஆபத்து. தோல் வெந்தாலும் தெரியாது. டைக்குளோபெனக் போன்ற நோக் குளிசைகளைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதும் அத்தகையதே. வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். பயிற்சி பெறாதவர் முதுகில் ஏறி மிதிப்பதையும் முறுக்கி நெரிப்பதையும் இனியாவது நிறுத்த வேண்டும். நாட்பட்ட நாரி நோவுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம் (2023), இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. பட்டி வாங்க வைத்த காசுக்கு ஓர் இயன்மருத்துவரிடம் சென்று இரண்டு மூன்று பயிற்சிகளைப் பழகலாம்.

எனினும் ஒரு நாழிகையும் காத்திராத சந்தர்ப்பங்கள் உண்டு. நாரி நோவோடு சலம் போகாமல் அடைபடுதல், அல்லது சலமோ மலமோ தன்னையறியாமற் போதல், சைக்கிள் ஆசனத்தில் படும் இடம் விறைத்துப்போதல், இரு கால்களும் பலமிழத்தல் ஆகியவை நாரியின் அடியிலுள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசிபடுவதன் அடையாளங்கள். இதற்கு உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டும். தாமதித்தால் சலக்கட்டுப்பாடும் காலின் பலமும் மீளாமற் போகலாம். எமக்கோ வாணர் பாலமும் வேலணையும் பண்ணைப் பாலமும் கடந்தால்தான் யாழ் போதனா வைத்தியசாலை. நயினாதீவாருக்கு அதற்குமுன் குறிகட்டுவான் வரை கடலும் உண்டு. ஆகையால் "விடியட்டும் பார்ப்போம்" என்றிராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுச் சலம் பற்றிச் சொல்லாமல் விடும் பெண்களை வீட்டார்தான் கேட்டறிய வேண்டும்.

நடக்கும்போது செருப்புத் தெரியாமல் கழன்று விழுகிறதா? பாதத்தைத் தூக்கும் தசை பலமிழந்திருக்கலாம். இதுவும் அன்றே வைத்தியரிடம் போகவேண்டிய விடயம். காய்ச்சலோடு, அல்லது உடல் மெலிவோடு இரவிலும் விடாத முதுகு நோ, விழுந்தபின் வந்த நோ, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் நோ என்பவற்றையும் சாதாரண நாரிப்பிடிப்பென்று விடலாகாது. முள்ளந்தண்டில் காசநோய் வருவதும் உண்டு.

திருவிழாக் காலம் பற்றியும் பரிபாலன சபையினன் என்ற முறையில் சில வார்த்தைகள். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் எம் உறவுகள் நீண்ட நேரம் விமானத்தில் மடங்கியிருந்து, பாரமான பெட்டிகளையும் இழுத்து வந்து, மறுநாளே சுவாமி காவத் தோள் கொடுக்கின்றனர். ஓரிரு நாள் ஆறிச் செய்வது நல்லது. வாகனத்துக்குத் தோள் கொடுப்போர் முழங்காலை மடித்து இறங்கி, முதுகை நிமிர்த்தியபடியே எழவேண்டும். உயரம் ஒத்தவர்கள் ஒரே தடியில் நின்றால் பாரம் ஒருவர் மேல் சரியாது. காலில் வலி இறங்கும் நிலையில் உள்ளவர்கள் பிரதட்டையையும் காவடியையும் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அம்பாள் கோபிக்கமாட்டாள். விழுந்து கும்பிட்டவர்கள் நேரே நிமிர்ந்து எழாமல், ஒரு பக்கமாகச் சரிந்து, கையை ஊன்றி, முழங்காலில் நின்று எழுக. அன்னதானத்தில் நிலத்தில் இருக்கமுடியாதவர்களுக்கு மடத்தின் விறாந்தையில் கதிரை, மேசை போடப்பட்டிருக்கும். கேட்டு வாங்கி இருங்கள்.